மூன்றாவது சாவி

ஊர் என்ற இடத்தில் நிபோங் திபால் என்று எழுதினேன்.
உண்மையில் அதைத் தாண்டி, செம்பனைக்குள் நான்கு கட்டை,
பஸ் திரும்பிப் போகிற இடம்.

ஜார்ஜ்டவுனிலிருந்து வந்தவள் சின்னப் பெண்.
மண்டபச் சுவரில் மாஜோங் தாளை ஒட்டி
தலைவி என்பவள் யார் என்று கேட்டாள்.
பொறுமை என்றார்கள். அன்பு என்றார்கள்.
புஷ்பரதி எழுந்து, "கார் வச்சிருக்கவ" என்றாள்.
சிரிப்பு அடங்கப் பத்து நிமிஷம்.

மீகூன் பொட்டலத்துக்குப் பிறகு
இருவர் இருவராய் எதிரெதிரே உட்காரச் சொன்னாள்.
ஒருத்தி கடன் கேட்க வேண்டும்.
மற்றவள் மூன்று முறை முடியாது என்று சொல்ல வேண்டும்.

எனக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டவள் நாகரத்தினம்.
கையுறை ஆலையில் பதினோரு வருஷம் ஒரே வரிசை.
என் இரண்டாவது பிரசவத்தில்
நாற்பது நாளும் அவள் வீட்டு மிளகு ரசம்.
"முடியாது" என்றேன், சிரித்துக்கொண்டே.
"பல்லக் காட்டாதடி. பல்லக் காட்டுனா
சரின்னு அர்த்தம். இன்னொரு வாட்டி சொல்லு."
மூன்றாவது முறை சொன்னது
யார் குரல் என்று எனக்கே தெரியவில்லை.

பிறகு இரும்புப் பெட்டி வாங்கினோம்.
பத்தொன்பது பேர், வாரம் பத்து வெள்ளி, மூன்று பூட்டு.
தலைவிக்கு ஒரு சாவி. அது நாகரத்தினம்.
செயலாளர் கோமளவல்லிக்கு ஒன்று.
மூன்றாவது என் அரிசி டின்னுக்குள்.

செவ்வாய்க்கிழமை, மணி பதினொன்றரை, மழை.
மோட்டாரை நிறுத்தாமலே வாசலில் நின்றாள்.
ஆலோங் ஆட்கள் அவள் வீட்டு கேட்டில்
சிவப்புச் சாயம் ஊற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள்.
ரெண்டாயிரம். சனிக்கிழமைக்குள்ள வச்சிடுவேன்.
யாருக்கும் தெரியாது. கோமளம் குடுத்துட்டா.
விரித்த உள்ளங்கையில்
இரண்டு சாவிகள் நனைந்து கிடந்தன.

அரிசிக்குள் முழங்கை வரை கை விட்டேன்.
சாவி விரலில் தட்டியது.
எடுக்கவில்லை.

முடியாது என்றேன்.
பிள்ளைங்க உள்ள தூங்குதுடி என்றாள்.
முடியாது.
மூன்றாவதற்கு அவள் எதுவும் கேட்கவில்லை,
நானாகத்தான் சொன்னேன்.
என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
பல் தெரிகிறதா என்று பார்த்திருப்பாள்.

மோட்டார் விளக்கு செம்பனைக்குள் போய் மறைந்தது.
சாயம் தீயாக எத்தனை நாள் ஆகும்?
எனக்குச் சொல்லித் தந்தது
வரவு செலவுக் கணக்கு மட்டும்.

விடிவதற்குள் நோட்டை எடுத்துப் புரட்டினேன்.
விதி ஏழு: அவசரக் கூட்டம், பத்துப் பேர் போதும்.
எழுதும்போது கொட்டாவி விட்ட விதி.
வேலை முடிந்து, ஆலைச் சட்டையோடே
பதினாறு பேர் வந்தார்கள்.

தலைவி நாற்காலி காலியாக இருந்தது.
கடைசி வரிசையிலிருந்து எழுந்து கேட்டாள்.
"யாரு வாங்குன கடன்?" என்றாள் புஷ்பரதி.
"அவரு."
"யாரு கட்டப் போறா?"
மின்விசிறி மட்டும் சுற்றியது.
"நான்தான்."

முதலில் போலீஸ் புகார், பிறகு பணம்.
ஸ்டேஷனுக்கு மூன்று பேர் கூடப் போவது.
வாரம் ஐம்பது, நாற்பது வாரம்.
என் கையையும் சேர்த்துப் பதினொரு கைகள் உயர்ந்தன.
உயராத நான்கையும் பெயரோடு எழுதினேன்.
கோமளவல்லி சாவி கொடுத்ததையும் எழுதினேன்.
அழுதாள். அழுததை எழுதவில்லை.

மூன்று பூட்டும் திறந்தன.
எல்லார் முன்னாலும் நாகரத்தினம்
இரண்டு முறை எண்ணினாள்.

இன்று இருபத்திரண்டாவது ஐம்பது.
வைத்தாள். எழுதினேன்.
"சரியா இருக்கா?"
"சரியா இருக்கு."
இப்போதெல்லாம் எங்கள் பேச்சு அவ்வளவுதான்.
ஆலையில் வரிசை மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அடுத்த மாதம் அந்தச் சின்னப் பெண் மறுபடி வருகிறாள்.
எதிரெதிரே உட்காரச் சொல்வாள்.
எனக்கு எதிரே
யார் நாற்காலியை இழுத்துப் போடுவார்கள்,
தெரியவில்லை.