மருந்து தாங்கும்

ஒஸ்மண்ட் கெலார்ட்டுக்கு இடது காது கேளாது.
பம்பலப்பிட்டி ரயிலையும் மீறிக் கத்துவார்:
"எழுதும் பிள்ளை, இன்னும் மருந்து தாங்கும்."
பதினொரு வருஷம் அமெரிக்கக் கம்பனிக்கு அடித்தேன்.
கடிதத்துக்கு ஒரு பன்றி,
வில்பத்துச் சேறு, முப்பது யார்,
ரைபிள் இல்லை, ஒற்றைக் கை.
ஒரு பன்றி மட்டும்
விடியும்வரை நடந்தது.
அந்தத் தாளைக் கிழிக்கச் சொன்னார்.
கார்பன் பிரதி என்னிடம் இருக்கிறது.

எழுபத்தொன்றில் ரிவோல்வரைப் பொலிஸ் வாங்கிக்கொண்டது.
ரசீதும் நான்தான் அடித்தேன்.

அடுத்த மாசியில் சுங்கத்திலிருந்து ஒரு பொதி:
அவர் கேட்ட தோட்டா,
நீளம் கூட்டி, மருந்தில்லாத வெற்றுக் கோது.
அடித்தட்டில் அவர் பெயரின் முதலெழுத்துகள்,
'கே' இருக்கவேண்டிய இடத்தில் 'ஐ'.
என் மெஷினில் கே தேய்ந்திருந்தது.

அவர் அதைப் பார்க்கவில்லை.
கோதைக் கேளாத காதில் வைத்துக்கொண்டு
"கடல்" என்றார்.