மேல் அழுக்கு

ஒன்பதரைக்கு ஷட்டர் பாதி இறங்கும்.
குனிந்துதான் உள்ளே போக வேண்டும்
நானும் அடைக்கலமும் மெஷினும்.
நாற்பத்திரண்டு கிலோ.
மெஷினைச் சொல்கிறேன்.

காரைக்குடி செக்காலை ரோட்டு நகைக்கடை.
வந்தவர்களுக்கு ஊற்றிய ரோஸ்மில்க்,
தவழ்ந்த பிள்ளை கக்கிய பால்,
குன்றக்குடியில் மொட்டை போட்டுவிட்டு
நேரே இங்கே வந்தவரின் சந்தனம்,
எல்லாம் அந்த மெரூன் கார்ப்பெட்டில்தான்.
ஊரெல்லாம் தரை குளுகுளுவென்று கிடக்க
இங்கே மட்டும் எதற்கு இது என்று ஒருநாள் கேட்டேன்.
'காலுக்குச் சொகமா இருந்தா
கூலி சேதாரம் கேக்க மாட்டாங்க'
என்றார் மேனேஜர் வயிரவன்.
இருக்கலாம். எனக்குச் சம்பளம் சதுர அடிக்கு.

பேட் என்பது வட்டமாய், வெள்ளையாய்,
இரண்டு பக்கமும் நூல் நூலாய்ச் சடை விட்டிருக்கும்.
மருந்துத் தண்ணீரில் முக்கி
சொட்டவும் கூடாது, காயவும் கூடாது,
இட்லித் துணிப் பதத்துக்குப் பிழிந்து
கார்ப்பெட்டில் போட்டு
அதன் தலைமேல் மெஷினை உட்கார வைக்க வேண்டும்.

பிடியை ஒரு விரல் தாழ்த்தினால் இடப்பக்கம் போகும்.
ஒரு விரல் உயர்த்தினால் வலப்பக்கம்.
தள்ளினால் போகாது.
இது தெரியாத முதல் நாள்
என்னை இழுத்துக்கொண்டே போய்
வெள்ளிக் கவுண்டரில் சாய்த்தது.
'எங்க வீட்டுக்காரரும் இதே ரகம்தான்' என்றாள் அடைக்கலம்,
ஒயரைத் தோளில் சுருட்டியபடி.

பத்தடிக்குப் பத்தடி ஓடியதும்
பேட்டைப் புரட்டுகிறேன்.
கண்டனூரிலிருந்து வேன் பிடித்து வந்த
கல்யாணக் கூட்டத்தின் அத்தனை கால்களும்
கறுப்பாய் ஒட்டியிருக்கின்றன.

மூன்றாம் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு கறை.
ராத்திரி போகும்.
காலையில் வந்து உட்கார்ந்திருக்கும்.
'என்னம்மா, போனது திரும்பி வந்திருக்கு?'
சொல்லிப் பார்த்தேன்:
சார், இது மேல் அழுக்கைத்தான் எடுக்கும்.
அடியில் இருப்பது ஈரத்தைப் பிடித்துக்கொண்டு
காயக் காய மேலே ஏறும்.
உறிஞ்சி எடுக்கிற மெஷின் மதுரையில் இருக்கிறது,
ரேட்தான் வேறு.
ரேட் என்றதும்
கறை அவர் கண்ணுக்கு மங்கலாகிவிட்டது.

நேற்று யாரோ ஒரு அம்மாவின்
மூக்குத்திக் கல் விழுந்துவிட்டதாம்.
பேட் எல்லாம் பார்த்துத்தான் வெளியே விடுவார்களாம்.
வாளித் தண்ணீரை வேட்டித் துணியில் வடிகட்டினார்கள்.
வயிரவன் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு
குத்துக்காலிட்டு உட்கார்ந்து
பேன் பார்ப்பதுபோல்
நூல் நூலாய்ப் பிரித்தார்.

முடி.
விலைச்சீட்டு கட்டிய நூல்.
ஒரு குண்டூசி.
வேர்க்கடலைத் தோல்.
இன்னும் முடி.
பிறகு ஒரு தோட்டுத் திருகு.
கல் இல்லை.

திருகைத் துடைத்துத் தராசில் வைத்தார்.
நூற்றெண்பது மில்லி.
நோட்டில் தேதி எழுதினார், நேரம் எழுதினார், எடை எழுதினார்.
கிடைத்த இடம் என்ற கட்டத்தில் பேனா நின்றது.
'பேட்' என்று எழுதி
அதை அடித்துவிட்டு
'கடை' என்று எழுதினார்.

அடைக்கலம் தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.
அவளுடையது கவரிங்.

பன்னிரண்டே கால்.
பின்சந்துச் சாக்கடையில்
டீ நிறத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு
லோடு ஆட்டோவில் ஏறினோம்.
பேட்களை வீட்டில் துவைக்க வேண்டும்.
எத்தனை தரம் அலசினாலும்
பழைய பேட் பழைய வெள்ளைக்கு வராது.
காய்ந்தால் போதும், நாளைக்கு ஓடும்.

கழனிவாசல் வரும்வரை நாங்கள் பேசவில்லை.
திரும்பும்போது அடைக்கலம்தான் சொன்னாள்:
'பாத்தியா, கடைசியா அந்தாளு
மூணாம் நாற்காலியை இழுத்துக்
கறை மேலயே போட்டாரு.'

பார்த்தேன்.
நாற்காலிக்கு அடியில்
இந்நேரம் அது மெல்ல ஏறிக்கொண்டிருக்கும்.