மூன்று தூரம்

பின்குறியின் பள்ளம் ஒரு முழத்தில்.
முன்குறியின் பித்தளை மணி இரண்டு முழம் தள்ளி.
மான் எண்பது கஜத்தில்.
இருபது வயதில் மூன்றும் என் கண்ணில்
ஒரே பெஞ்சில் உட்கார்ந்தன.
அறுபத்தாறில்
ஒன்றைக் கூப்பிட்டால்
மற்ற இரண்டும் எழுந்துபோய்விடுகின்றன.

வெள்ளெழுத்து என்கிறார்கள்.
மருந்துச் சீட்டைத் தள்ளித் தள்ளிப் பிடித்து
கை நீளம் போதாமல் போகிறவர்களுக்கு வருவது.
துப்பாக்கியை எவ்வளவு தள்ளிப் பிடிப்பது?

போன நவம்பர், சீசனின் நான்காம் நாள் அந்தி.
சதுப்பின் ஓரத்தில் நின்றது.
கழுத்து இருந்தது, கொம்பு இருந்தது,
காது ஒருமுறை அசைந்தது, சத்தியம் செய்வேன்.
பித்தளை மணி
இலவம்பஞ்சாய் உப்பியிருந்தது.
அதற்குப் பின்னால் எங்கோ மான்.
சுட்டேன்.
ஓடவில்லை. விழவும் இல்லை.
போய்ப் பார்த்தால்
இடி விழுந்து கரிந்த மேப்பிள் கட்டை.
நெஞ்சிருக்க வேண்டிய இடத்தில் என் தோட்டாவின் துளை.
நல்ல குறி.

சத்தம் கேட்டதே என்றான் பக்கத்து நிலத்து வார்டெல்.
கொயோட் என்றேன்.

ஆரூஸ்டுக்கில் உருளைக்கிழங்கு முடிந்த வாரம்
டெல்ஃபீன் திபடோவின் கடைக்குப் போனேன்.
முதலில் சிவப்புப் புள்ளி காட்டும் கண்ணாடியைத் தந்தாள்.
உங்கள் வயதுக்காரர்கள் இதைத்தான் கேட்கிறார்கள் என்றாள்.
எனக்குப் புள்ளி தெரியவில்லை,
திராட்சைக் கொத்து தெரிந்தது.
உங்கள் கருவிழி உருண்டையில்லை, முட்டை,
என்று அதை வாங்கி உள்ளே வைத்தாள்.

பன்னிரண்டு மடங்குத் தொலைநோக்கியில்
எதிர்ச்சாரி வங்கிச் சுவரின் ஒரே ஒரு செங்கல் தெரிந்தது.
என் நாடிக்கு ஏற்ப அது துடித்தது.
பெரிய மேக்னத்தைத் தொட்டேன்.
புருவத்தில் பிறைத் தழும்பு வேண்டுமென்றால்
எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள்.

பிறகு சும்மா கேட்கிற மாதிரி:
வங்கிக் கடிகாரத்தில் மணி என்ன?
பத்து இருபது என்றேன்,
தலையைத் திருப்பின வேகத்திலேயே.

அவள் சிரிக்கவில்லை.
பழுது பார்க்க வசந்தத்திலேயே
முள் இரண்டையும் கழற்றிப் போய்விட்டார்கள் ஆர்வில்,
அது வெறும் தட்டு.

கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து இருபது.
நேரம் சரியாகத்தான் இருந்தது.
அதுதான் வயிற்றைப் பிசைந்தது.

மேப்பிள் கட்டையை அப்போது சொன்னேன்,
முதல்முறையாக, ஒருவரிடம்.
கட்டைக்குக் கொம்பில் எத்தனை கிளை என்றாள்.
ஆறு என்றேன்.

இரண்டரை மடங்கு, அதற்கு மேல் வேண்டாம்.
பருத்த குறுக்குக் கம்பி, அந்தியிலும் கரையாதது.
பின்னால் ஒரு திருகு, அதை என் கண்ணுக்கென்று
அவளே வெள்ளைச் சுவரைக் காட்டித் திருகவைத்தாள்.
தோளை இடிக்காமல் தட்டிவிட்டுப் போகிற
சின்னத் தோட்டாவுக்கான துப்பாக்கி.
வெறுங்குறியே போதும் என்று முப்பது வருஷம்
மதுக்கடையில் பேசிய பேச்சையெல்லாம்
அட்டைப்பெட்டியோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்தாள்.

சரளைக் குழியில் காகிதத் தட்டுக்கு
மூன்று குண்டு. மூன்றையும்
ஒரு காபிக் கோப்பையால் மூடலாம்.

மான் தேடி அல்ல, முதல் நாள்
கட்டையைத் தேடித்தான் போனேன்.
அதே இடம், அதே அந்தி, விசையில் விரல் வைக்காமல்
கண்ணாடி வழியே பார்த்தேன்.
கம்பியும் கட்டையும் ஒரே தாளில் இருந்தன.
காது இல்லை. கழுத்து இல்லை.
முறிந்த கிளைகளை எண்ணினேன்.
நான்கு. மறுபடி எண்ணினேன். நான்குதான்.

முதுகுக்குப் பின்னால் மூச்சொன்று சீறியது.
நான் திரும்புவதற்குள்
மரங்களுக்கிடையில் ஏதோ குதித்தது.
டெல்ஃபீன் கேட்டால் பார்த்ததை மட்டும் சொல்வேன்:
வெள்ளை.