பதினைந்து வீதம்

லண்டனில் நாவல் விற்க
ஏஜென்ட் ஒராள் வேணுமாம்.
யசோ மச்சாளின் வொய்ஸ் வந்தது:
"பதினைந்து வீதம்தான், வித்தால் மட்டும்."

மல்லாவியில் அந்தச் சொல்லுக்கு
வேறு முகம்.
வயலை ஈடுவைத்து ஏஜென்சிக்காரனிடம் கட்டிய பதினெட்டு லட்சம்
தம்பியை மொஸ்கோ வரைக்கும் கொண்டுபோனது.
அதுக்கங்கால ஒரு சத்தமும் இல்லை.

நெல்லுத் தரகர் ஈரம் என்று
மூட்டைக்கு இரண்டு கிலோ கழிப்பார்.
இதில் எதைக் கழிப்பார்கள்,
மழை பெய்யும் மூன்றாம் அத்தியாயத்தையா?

போட்டோக்கொப்பிக் கடை நிரோஜன்
இருநூற்றுப் பன்னிரண்டு தாளையும் தட்டி அடுக்கினான்.
"கிளிநொச்சியிலயே முந்நூறு அடிக்கலாம், அக்கா."
"ஆர் வாங்குவினம்?"
அவன் மெஷினுக்குத் தாள் போட்டான்.

இரவு யசோவுக்கு ஒரு வரி அனுப்பினேன்:
அந்த ஆள் அனுப்பினதுகளில்
போய்ச் சேர்ந்தது எத்தனை?