ஆறாவது வித்தியாசம்

ஞாயித்துக்கிழமை பொழுதோட
பழைய பேப்பர் கடையில் ஒரு கிலோ
வாரப் பத்திரிகை நிறுத்து வாங்கி வருவார் இவர்.
எந்த வாரம், எந்த வருசம் என்று
தராசு கேட்பதில்லை.

எங்கள் சாப்பாட்டு மேஜை
கம்பெனி இடம் மாறியபோது விட்டுப்போன
கட்டிங் டேபிளில் பாதி.
ஓரத்தில் சாக்பீஸ் கோடு இன்னும் அழியவில்லை.
அதன்மேல் குண்டாவோடு அரிசிம்பருப்புச் சோறு,
நெய், தயிர், சுட்ட அப்பளம்,
நடுவில் பத்திரிகை.

முதலில் ராசிபலன்.
'மகரத்துக்கு எதிர்பாராத பணவரவு' என்று நிகிலா வாசிக்க,
"அந்த வாரந்தான் கண்ணு
ஃபைனான்ஸ்காரன் வண்டியத் தூக்கிட்டுப் போனான்"
என்று இவர் சிரிக்கிறார்.
அன்றைக்குச் சிரிக்கவில்லை.

சமையல் குறிப்பில் ஆலிவ் எண்ணெய் இரண்டு ஸ்பூன்.
ஏன், கடலெண்ணெய் ஆகாதாமா?

குறுக்கெழுத்தில்
யாரோ முன்பே பேனா வைத்திருக்கிறார்கள்.
மேற்கே பிறந்து காவிரியில் சேரும் ஆறு, நான்கு கட்டம்.
அந்த மகராசன் கடைசிக் கட்டத்தில்
இரண்டெழுத்தை நெருக்கி
அமராவதியை உட்கார வைத்துவிட்டார்,
காங்கயம் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நான்கு பேர் மாதிரி.
"நொய்யல்னா கணக்கா உக்காந்திருக்குமே" என்கிறாள் நிகிலா.
திருப்பூரில் இருந்துகொண்டு
அந்த ஆற்றைப் பற்றி அதற்குமேல் யாரும் பேசவில்லை.

கடைசிப் பக்கம்: ஆறு வித்தியாசங்கள்.
நாயின் வால், குடைக் கம்பி,
ஒரு மேகம், தபால்பெட்டியின் பூட்டு,
பூக்காரியின் வளையல்.
ஐந்தோடு நின்றுவிட்டது.
விடை தலைகீழாக அச்சாகியிருந்த மூலையை
எவரோ கிழித்துப் பொட்டலம் மடித்திருக்கிறார்கள்.

நாக்கைக் கடித்துக்கொண்டு தேடுகிறான் மௌலி.
பக்கத்து ரூம் பிபின்
சார்ஜர் கேட்க வந்தவன், தட்டோடு உட்கார்ந்துவிட்டான்.
ஒடிசாக்காரன். தமிழ் படிக்க வராது.
படத்துக்கு அது வேண்டியதில்லையே.

"அம்மா, நீ பாரு. நீதான செக்கிங்கு!"

ஆமாம், வாரம் ஆறு நாள்,
நாளுக்கு அறுநூறு பீஸ்.
ஓட்டை, கறை, விட்டுப்போன தையல்
எல்லாவற்றையும் ட்யூப்லைட்டுக்கு எதிரே பிடித்து
சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுகிற கை இது.
பக்கத்தைத் திருப்பிய நொடியிலேயே பார்த்துவிட்டேன்:
குடைக்காரர் சட்டையில் மூன்றாவது பொத்தான்.

சொல்லவில்லை.
"ஞாயித்துக்கிழமை நான் குறை பாக்கறதில்ல சாமி" என்று
பிபின் தட்டில் இன்னொரு கரண்டி போட்டேன்.

உள்ளே யார் போனோ அடித்து அடித்து ஓய்ந்தது.
குண்டாவில் அடிப்பிடித்ததைச் சுரண்டி
ஆளுக்கு ஒரு வாய்.
இவர் ஜன்னல் கம்பிகளை எண்ணுகிறார்,
எண்ணிக்கை தப்பி மறுபடியும் முதலிலிருந்து.
நாலு தலையும் முட்டிக்கொள்ளும் அளவுக்கு
ஒரே காகிதத்தின்மேல் குனிந்திருக்கின்றன.

பிபின்தான் விரல் வைத்தான்: "இது!"

இடப்பக்கப் படத்தில் மேகத்துக்குக் கீழே
மஞ்சளாய் ஒரு சூரியன். வலப்பக்கம் இல்லை.
எங்கள் குண்டாவிலிருந்து சிந்திய பருப்புச் சோறு,
நெய்யோடு பரவிக் காய்ந்துகொண்டிருந்தது.

மௌலி அதையும் வட்டமிட்டான்.
ஆறு ஆச்சு என்று கத்திக்கொண்டே
எல்லோரும் கை கழுவப் போய்விட்டார்கள்.

எண்ணெய்க் கறை.
கம்பெனியாக இருந்தால் ரிஜெக்ட்.
வெளிச்சத்தில் ஒருமுறை தூக்கிப் பிடித்துப் பார்த்து
பாஸ் பண்ணிவிட்டேன்.