சுருட்டி எடுத்துப்போகிற வாசல்

முதலாவது திரையை
வுப்பர்டாலின் தொங்கு ரயிலில் கொண்டுபோனேன்.
தொண்ணூறு சென்டிமீட்டர் மரச்சட்டம்,
அறுபது சரம், எல்லாம் கண்ணாடி மணி,
ஐந்தரைக் கிலோ.
ஆற்றுக்கு மேலே ஒரு வளைவில்
ரயில் ஆடியது.
மடியிலிருந்த பை
ஏதோ முடிவெடுத்ததுபோலக்
கலகலத்து அடங்கியது.

எல்பர்ஃபெல்ட் சந்தையில் பிரித்தபோது
அறுபது சரமும் ஒரே சரம்.
இரண்டு மணி பத்து நிமிடம்
குனிந்திருந்து சிக்கெடுத்தேன்.
பக்கத்தில் பழைய கோப்பி யந்திரங்கள் விற்பவன்
"இப்படியே வில், மீன்வலை என்று சொல்"
என்றான்.
நான் சிரிக்கவில்லை.
ரயிலில் திரும்பும்போது சிரித்தேன்.

அடுத்ததைச் செய்தித்தாளில்
சரம் சரமாய்ச் சுற்றினேன்.
விளையாட்டுப் பக்கத்தின் மை
வெள்ளை மணிகளில் ஏறியது.
மூன்றாவதற்குச் சட்டத்தை மூன்றாய் அறுத்துப்
பிணைச்சல் போட்டேன்.
பிணைச்சல் சரத்தைக் கடித்தது.
"துணித்திரை போட்டால் என்ன?"
என்றார் மயூரதன்.
துணி சத்தம் போடாதே என்று
எனக்கு அப்போது சொல்லத் தெரியவில்லை.

அதைச் சொன்னவள் டனூட்டா.
போலந்துக்காரி.
வயதானவர்களின் வீடுகளில் தங்கி வேலை,
ஒரு வீட்டில் ஏழு வாரம், பிறகு வேறு வீடு,
ஒரே ஒரு சூட்கேஸ்.
அவள் என் மணிகளைப் பார்க்கவே இல்லை.
கண்ணை மூடிக்கொண்டு
கையால் ஒருமுறை விலக்கிக்
கேட்டாள்.
பிறகுதான் விலை கேட்டாள்.

"கிழவர் இரவில் எழும்பி நடப்பார்.
அறையைப் பூட்டக் கூடாது, சட்டம்.
எனக்கும் மனமில்லை.
அவர் தாண்டினால் எனக்குக் கேட்க வேண்டும்.
அவருக்கு அது
மழை என்று தோன்ற வேண்டும்."

ஆணி அடிக்க முடியாது.
இரண்டு கிலோவுக்கு மேல் ஆகாது.
கழற்றிச் சுருட்ட ஐந்தே நிமிடம்,
வாசலில் வேன் நிற்கும்,
அடுத்தவள் இறங்கிக்கொண்டிருப்பாள்.

கோர்ப்பதையும் அடிப்பதையும்
நாங்கள் மணி என்றுதான் சொல்வோம் என
அவளுக்கு விளக்க
என் ஜெர்மன் போதவில்லை.

அன்றிரவு சட்டத்தைக் கைவிட்டேன்,
மரச்சட்டத்தை.
பார்மனில் நாடா நெய்யும் பட்டறை ஒன்றில்
மிச்சத் துண்டுகளை எடைக்கு வாங்கினேன்.
நாலு விரல் அகலம், நீலம், இழுத்தாலும் நீளாதது.
மடித்துத் தைத்த நாடாவுக்குள்
நிலையின் இரு பக்கமும் உந்தி நிற்கிற கம்பி.
சரம் முப்பத்தாறு போதும்.
மேலே எல்லாம் மரமணி, பாரமில்லை.
முழங்காலுக்குக் கீழே மட்டும் கண்ணாடி.
சத்தம் அங்கேதான் வேண்டும்,
நடப்பது கால்தானே.

ஆனாலும் சுருட்டினால் சிக்கியது.
நாலு நாள் சண்டை.
ஐந்தாம் நாள் காலை
மகளின் மழைச்சட்டையைப் பூட்டும்போது
விரலுக்கடியில் டிக் என்றது
அழுத்துப் பொத்தான்.

இன்னொரு நாடா!
சரத்தின் நுனியில் பொத்தானின் ஒரு பாதி,
நாடாவில் மறு பாதி.
புறப்படுமுன் முப்பத்தாறு டிக்.
இரண்டு முனையும் பிடிபட்ட சரம்
எதோடும் சிக்காது.
சுருட்டினால் ஒரு றாத்தல் பாண் அளவு.

சூட்கேஸில் வைத்துப் படிக்கட்டில் உருட்டினேன்,
நான்கு மாடி.
கீழ்வீட்டு எர்னா கதவைத் திறந்து
என்னைப் பார்த்தாள், சூட்கேஸைப் பார்த்தாள்,
திரும்ப என்னைப் பார்த்தாள்.
அவளுடைய வாசலிலேயே பிரித்தேன்.
டிக், டிக், டிக்.
முப்பத்தாறும் தனித்தனியாய் விழுந்து
ஆடி நின்றன.
"என்ன வடிவு!" என்று
தமிழில் சொல்லிவிட்டேன்.
"யா" என்றாள் எர்னா.

மார்கழியில் டனூட்டாவின் குறுஞ்செய்தி:
இரவு இரண்டு நாற்பதுக்கு வந்தார்.
கேட்டது. எழும்பினேன்.
இருவரும் பால் குடித்தோம்.

பங்குனியில் இன்னொன்று:
இப்போது வேறு ஊர், ஒரு கிழவி,
கதவு அகலம், மூன்று சரம் கூட வேண்டும்.
பழையதில் ஒரு சரத்தில் ஐந்து மணி குறைகிறது.
கிழவரின் பைஜாமாப் பையில் கிடந்தன,
அவரோடு போகட்டும் என்று விட்டுவிட்டேன்.
அதே நிறம் இல்லாவிட்டால்
இருக்கிறதைப் போடு.

சிவப்பு இருந்தது.