அரை நொடி

ஔலு நகரம், மாணவர் விடுதி, மூன்றாம் மாடி.
வெளியே மைனஸ் இருபத்தாறு.
பக்கத்து அறை ஹன்னெஸ் கெட்ட வார்த்தை சொன்னால்
முதலில் சுவர் சொல்லும்,
அரை நொடி கழித்து ஹெட்போன்.
அதற்குள் தெரிந்துவிடும் எனக்கு
அவன் செத்தது.

அந்தப் பக்கம் மூன்று பேர், இந்தப் பக்கம் இரண்டு.
கணக்கு சரியில்லை என்று தினமும் சண்டை,
அடுப்பில் கருகும் பீட்சாவை
யார் போய்ப் பார்ப்பது என்றும்.

நேற்று ஐலா
ஆரம்பித்த இடத்திலேயே நின்றாள்.
சுட்டேன். விழுந்தாள்.
மறுபடி பிறந்தாள், மறுபடி நின்றாள்,
துப்பாக்கி தரையைப் பார்த்தபடி.

"ஐலா, ஓடு!"
ஹெட்போனில் பதில் இல்லை.
இடதுபக்கச் சுவரில்
மூக்கை உறிஞ்சும் சத்தம்.
மைக்கை அணைத்திருந்தாள்.
சுவரை எப்படி அணைப்பது?

ரெய்மா ஓடி வந்தான். சுடவில்லை.
அவள் எதிரே குந்தினான்.
அப்புறம் நான்.
அப்புறம் அவளுடைய ஆட்கள், பாலத்திலிருந்து இறங்கி.
கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.
ஐந்து துப்பாக்கி,
நாலு நிமிடம்,
ஒரு தோட்டாகூட இல்லை.

பிறகு எங்கள் நடுவே
உருண்டு வந்தது ஒரு கையெறி குண்டு.

அவள்தான்.
எல்லோரும் செத்தோம், அவளும் சேர்த்து.

அரை நொடி முன்னால்
சுவர் சிரித்தது.